ஊருக்கு ஒரு காசு! டெர்பென்ட்டுக்கு இருக்கு, தஞ்சாவூருக்கு இருக்கு... நம்ம காவேரிப்பட்டினத்துக்கு?

நீங்க காவேரிப்பட்டினத்துக்காரரா? அப்படின்னா இந்தத் தொல்லை உங்களுக்குப் பழகியிருக்கும். வெளியூரில் யாரிடமாவது ஊர்ப் பெயரைச் சொன்னால், "ஓ, பூம்புகாரா? கடல் இருக்குமே!" என்பார்கள். இல்லைங்க, இது கிருஷ்ணகிரி பக்கம், கடலும் கிடையாது, காவிரியும் கிடையாது, ஓடுவது தென்பெண்ணை என்று விளக்கி முடிப்பதற்குள் அவருடைய பஸ் வந்துவிடும். பெயரில் காவேரியும் பட்டினமும் இருக்கிற, ஆனால் இரண்டுமே ஊரில் இல்லாத ஒரு பழைய ஊர் இது.

இப்போது ரஷ்யாவுக்கு ஒரு தாவு தாவுவோம். காஸ்பியன் கடலோரம் டெர்பென்ட் என்று ஓர் ஊர். அதுவும் தலைநகர் கிடையாது, நம்மில் பலர் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டோம். ஆனால் 2002-ல் அந்த ஊருக்கு அந்த நாட்டு மத்திய வங்கி ஒரு பத்து ரூபிள் காசு வெளியிட்டது. கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைக்கிற காசு இல்லை. கடையில் கொடுத்து ரொட்டி வாங்குகிற சாதாரணக் காசு. அதில் ஊரின் தோற்றம், ஊர்ச் சின்னம், ஊர்ப் பெயர் மூன்றும் இருக்கும்.

ஓர் ஊரின் வரலாறு காசில் ஏறுவது எப்படி? நம்ம ஊரில் அது நடக்குமா? நடந்திருக்கிறதா? அப்படியே, உங்கள் பர்ஸில் கிடக்கிற பத்து ரூபாய் காசை ஏன் கடைக்காரர் வாங்க மாட்டேன் என்கிறார் என்பதையும் பார்த்துவிடுவோம். இரண்டும் ஒரே கதைதான்.

ரஷ்யர்கள் செய்த நல்ல வேலை

'ரஷ்யாவின் பழைய நகரங்கள்' என்ற அந்த வரிசை 2002-ல் மூன்று ஊர்களோடு தொடங்கியது: டெர்பென்ட், கொஸ்த்ரோமா, ஸ்தாராயா ரூசா. அடுத்த வருடமே ப்ஸ்கோவ், மூரோம், தொரோகோபூஷ், காசிமோவ் என்று நீண்டது. வருடா வருடம் சில ஊர்கள். எல்லாமே நம்ம பத்து ரூபாய் மாதிரி இரண்டு உலோகக் காசுகள்: வெளியே ஒரு வளையம், நடுவில் வேறு நிறத்தில் ஒரு வட்டம். குறுக்களவு 27 மில்லிமீட்டர். நம்ம பத்து ரூபாயும் அதே 27 மில்லிமீட்டர்தான் என்பது ஒரு சுவாரசியமான ஒற்றுமை.

ஊர்களை எடுத்த விதத்தைக் கவனியுங்கள். டெர்பென்ட்டில் சசானியப் பாரசீகர்கள் 6-ம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை இருக்கிறது. மலைமேல் உள்ள கோட்டையிலிருந்து இரண்டு நீண்ட மதில்கள் கடல்வரை இறங்கி வரும். மலைக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த குறுகிய வழியை அடைக்கத்தான் அவ்வளவு பாடு. 2003-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஸ்தாராயா ரூசா சின்ன ஊர், ஆனால் தஸ்தயேவ்ஸ்கி கோடைக்காலங்களில் வந்து தங்கி 'கரமாசவ் சகோதரர்கள்' நாவலின் பகுதிகளை எழுதிய வீடு அங்கேதான். பெரிய நகரம், சின்ன நகரம் என்று பார்க்கவில்லை. கதை இருக்கிறதா, அதுதான் கணக்கு.

அமெரிக்காவும் இதே மாதிரி 1999 முதல் 2008 வரை வருடத்துக்கு ஐந்து மாநிலம் வீதம் ஐம்பது மாநிலங்களுக்கும் கால் டாலர் காசு அடித்தது. ஜனங்கள் தங்கள் மாநிலக் காசைத் தேடித்தேடிச் சேர்த்தார்கள். ஜெர்மனியும் தன் மாநிலங்களுக்கு இரண்டு யூரோ காசு வெளியிட்டது. ஊரையோ மாநிலத்தையோ காசில் போடுவது புதுசு இல்லை. இந்தியாவில்தான் ஊர்களுக்கென்று அப்படி ஒரு வரிசை கிடையாது. நம்ம ஆட்கள் நினைவுக் காசு நிறைய அடிப்பார்கள். ஆனால் பெரும்பாலும் தலைவருக்கு, நிறுவனத்துக்கு, நூற்றாண்டு விழாவுக்கு.

தஞ்சாவூரின் அதிர்ஷ்டம்

சுதந்திர இந்தியாவின் முதல் நினைவுக் காசு 1964-ல் வந்தது. நேரு மறைந்த வருடம். ஒரு ரூபாயிலும் ஐம்பது பைசாவிலும் அவர் முகம். 1969-ல் காந்தி நூற்றாண்டு. அதன் பிறகு உணவு உற்பத்தி, குடும்பநலம் என்று பிரசாரக் காசுகள். உங்கள் தாத்தா பாட்டி அஞ்சறைப்பெட்டியிலோ சாமி உண்டியலிலோ தேடினால் அவற்றில் ஒன்றிரண்டாவது கிடைக்கும்.

தமிழ்நாட்டுக்காரர்களும் இந்த வரிசையில் நிறைய உண்டு. காமராஜர், அண்ணா, சி.சுப்பிரமணியம், எம்.எஸ்.சுப்புலட்சுமி, எம்.ஜி.ஆர். என்று போகும். 2024 ஆகஸ்டில் வெளியான கருணாநிதி நூற்றாண்டு நூறு ரூபாய் காசில் 'தமிழ் வெல்லும்' என்று தமிழ் எழுத்திலேயே இருந்தது பெரிய பேச்சானது. ஆனால் இதெல்லாம் ஆட்கள். ஓர் ஊரை நினைக்க வைக்கிற காசு என்று தேடினால் கை தானாகத் தஞ்சாவூரைத்தான் காட்டும்.

முதலில் 1995. எட்டாவது உலகத் தமிழ் மாநாடு தஞ்சாவூரில் நடந்தது. அதை ஒட்டி ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்று காசுகள் வந்தன. அதில் இருப்பவர் திருவள்ளுவர். பழைய ஒரு ரூபாய்க் காசுகளைப் புரட்டினால் இன்றும் இவர் கண்ணில் படுவார்.

அடுத்து 2010. ராஜராஜ சோழன் பெரிய கோயிலைக் கட்டி முடித்தது 1010-ல். ஆயிரம் ஆண்டு நிறைந்ததை செப்டம்பர் மாதம் தஞ்சாவூரில் பெரிய விழாவாகக் கொண்டாடினார்கள். அந்த வருடத்தைத் தாங்கி இரண்டு காசுகள். ஒன்று ஐந்து ரூபாய், மஞ்சள் நிறத்தில், ஆறு கிராம் எடை, சாதாரணமாகப் புழங்கியது. டீக்கடையில் மீதிச் சில்லறையாக உங்கள் கைக்கே வந்திருக்கலாம், கவனித்திருக்க மாட்டீர்கள். இன்னொன்றுதான் விசேஷம்: ஆயிரம் ரூபாய் காசு. ஆமாம், நோட்டு இல்லை, காசு. ஆயிரம் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்! 80 சதவிகிதம் வெள்ளி, மீதி செம்பு. எடை 35 கிராம், குறுக்களவு 44 மில்லிமீட்டர். உள்ளங்கையில் வைத்தால் சின்ன பிஸ்கட் மாதிரி உட்காரும். இந்தியாவில் ஆயிரம் ரூபாய் மதிப்பில் வந்த முதல் காசு அதுதான். இதற்கு மேல் மதிப்புள்ள காசு அடிக்க இப்போதுள்ள நாணயச் சட்டம், அதாவது 2011-ம் வருடச் சட்டம், இடம் தருவதில்லை. உச்ச வரம்பே ஆயிரம்தான்.

அந்த வரிசையில் சோழர்களுக்குக் கடைசியாகக் கிடைத்தது 2025-ல். ஜூலை 27 அன்று கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடித் திருவாதிரை விழாவில் ராஜேந்திர சோழன் நினைவுக் காசைப் பிரதமர் வெளியிட்டார். ஒரு காலத்தில் தலைநகராக இருந்து, இன்று ஒரு கிராமமாகச் சுருங்கிப்போன இடம் அது. அங்கேயே வைத்து வெளியிட்டது எனக்குப் பிடித்திருந்தது. டெல்லியில் ஏதோ ஒரு அரங்கத்தில் வெளியிட்டிருந்தால் இந்த அளவுக்கு யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

யார் முடிவு பண்றாங்க?

ரிசர்வ் வங்கி என்றுதான் பலரும் நினைக்கிறோம். நோட்டுக்கு அது சரி. காசு விஷயத்தில் முதலாளி மத்திய அரசு. ஓர் அமைச்சகமோ மாநில அரசோ ஓர் அமைப்போ கோரிக்கை வைக்கும். நிதி அமைச்சகம் ஒப்புக்கொண்டால் என்ன உலோகம், எத்தனை கிராம், எத்தனை மில்லிமீட்டர், முன்பக்கம் என்ன, பின்பக்கம் என்ன என்று அரசிதழில் அறிவிப்பு வரும். அதற்குப் பிறகுதான் நாணயச்சாலையில் அச்சு விழும். ரிசர்வ் வங்கியின் வேலை, புழக்கத்துக்கான காசை வங்கிகள் வழியாக ஜனங்களிடம் சேர்ப்பது.

நாட்டில் நாணயச்சாலைகள் நான்கு: மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா. காசில் வருடத்துக்குக் கீழே பாருங்கள். வைரம் மாதிரி ஒரு குறி இருந்தால் மும்பை. நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத். ஒரு புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. பஸ்ஸில் நேரம் போகவில்லையென்றால் இது நல்ல விளையாட்டு. சென்னையிலும் ஒரு காலத்தில் நாணயச்சாலை இருந்தது. 1869-ல் மூடிவிட்டார்கள். தங்கசாலை என்ற தெருப் பெயர் மட்டும் மிச்சம்.

ஓசூர் சிப்காட்டில் பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிறவர்களுக்குக் காசு அடிக்கிற விதத்தை விளக்கவே தேவையில்லை. தகட்டிலிருந்து வட்டமாக பிளாங்க் வெட்டுவார்கள். சூடுபடுத்தி மெதுவாக்குவார்கள். ஓரத்தை லேசாக எழுப்பிவிடுவார்கள். பிறகு மேலே ஒரு டை, கீழே ஒரு டை, சுற்றி ஒரு காலர். ஒரே அடி. முகம் இரண்டு டையிலிருந்தும், ஓரத்தில் உள்ள வரிகள் காலரிலிருந்தும் வருகின்றன. இரண்டு உலோகக் காசென்றால் வளையத்தையும் நடு வட்டையும் தனித்தனியாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று வைத்து அடிப்பார்கள். அடி விழும்போது நடு உலோகம் பிதுங்கி வளையத்தோடு பூட்டிக்கொள்ளும். வெல்டிங்கும் இல்லை, பசையும் இல்லை.

சேகரிப்பவர்களுக்கென்று வரும் 'புரூஃப்' காசில் டையைக் கண்ணாடி மாதிரி மெருகேற்றி, ஒரு தடவைக்கு மேல் அடிப்பார்கள். பின்னணி பளபளக்கும், உருவம் மட்டும் பனி படர்ந்த மாதிரி இருக்கும். தஞ்சாவூர் ஆயிரம் ரூபாய் மாதிரியான பெரிய மதிப்புக் காசெல்லாம் வங்கி கவுன்ட்டருக்கு வராது. நாணயச்சாலை நிறுவனம் முன்பதிவு வைத்து நேரடியாக விற்கும், விலையும் காசில் போட்டிருக்கும் மதிப்பைவிடக் கூடுதலாக இருக்கும். 'ஆயிரம் ரூபாய் காசை ஏன் அதுக்கு மேல காசு கொடுத்து வாங்கணும்?' என்று அம்மா கேட்டால், உள்ளே உள்ள வெள்ளியைக் காட்டுங்கள்.

'பத்து ரூபா காயின் செல்லாதுப்பா!'

இப்போது வலிக்கிற இடத்துக்கு வருவோம். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டிலோ சந்தையிலோ பத்து ரூபாய் காசை நீட்டி, திருப்பிக் கொடுக்கப்பட்ட அனுபவம் உங்களுக்கு இருக்கும். கடைக்காரர் மேல் கோபப்படுவதற்கு முன்னால் காரணத்தைப் பாருங்கள். குழப்பத்துக்குக் காரணமே நினைவுக் காசுகள்தான்.

பத்து ரூபாயில் சாதாரண டிசைன் ஒரு பக்கம். ஹோமி பாபா நூற்றாண்டு, ரிசர்வ் வங்கியின் 75 ஆண்டு, நாடாளுமன்றத்தின் 60 ஆண்டு, வைஷ்ணவி தேவி கோயில் வாரியத்தின் வெள்ளி விழா, கயிறு வாரியத்தின் 60 ஆண்டு, அம்பேத்கரின் 125-வது பிறந்த ஆண்டு, காந்தி தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய நூற்றாண்டு, யோகா தினம் என்று இன்னொரு பக்கம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு முகம். இது போதாதென்று சாதாரணக் காசிலேயே பழையதில் 15 கோடுகள், புதியதில் 10 கோடுகள். பழையதில் ரூபாய்க் குறியீடு இருக்காது, புதியதில் இருக்கும். ஏனென்றால் அந்தக் குறியீட்டையே அரசு ஏற்றுக்கொண்டது 2010 ஜூலையில்தான். வடிவமைத்தவர் நம்ம தமிழ்நாட்டு உதயகுமார். அதற்கு முன்னால் அடித்த காசில் அது எப்படி இருக்கும்? ஆனால் வாட்ஸ்அப் பண்டிதர்கள் 'குறியீடு இல்லாதது கள்ளக் காசு, 15 கோடு இருந்தா போலி' என்று கிளப்பிவிட, அது சந்தைவரை போய் உட்கார்ந்துவிட்டது.

2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொன்னது: அதுவரை வந்த 14 டிசைன் பத்து ரூபாய் காசுகளும் செல்லும். சந்தேகம் இருந்தால் 14440 என்ற கட்டணமில்லா எண்ணும் கொடுத்தது. அடுத்த முறை கடையில் சண்டை போடாமல், காசைத் திருப்பிப் போட்டு "அண்ணே, இது யோகா தினத்துக்கு வந்தது, இது அம்பேத்கருக்கு வந்தது" என்று காட்டிப் பாருங்கள். பாதிப் பேர் ஆச்சரியப்பட்டு வாங்கிக்கொள்வார்கள். மீதிப் பாதிக்கு வங்கிக் கிளைதான் வழி; அங்கே வாங்கியாக வேண்டும்.

ஒரு சின்ன விதியும் உண்டு. ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசுகளை ஒரே தடவையில் மொத்தம் ஆயிரம் ரூபாய்வரைதான் சட்டப்படி கட்டாயம் ஏற்க வேண்டும். ஐம்பது பைசாவென்றால் பத்து ரூபாய்வரை. பைக் ஷோரூமுக்கு மூட்டை நிறைய சில்லறை கொண்டுபோய் ரீல்ஸ் எடுக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போகலாம். அவர்கள் வாங்கிக்கொள்வது பெருந்தன்மை, கட்டாயம் இல்லை.

'வைஷ்ணவி தேவி காசு இருந்தா பத்து லட்சம்!'

இந்த விளம்பரம் உங்கள் போனிலும் வந்திருக்கும். 'இந்த ஐந்து ரூபாய் காயின் உங்ககிட்ட இருக்கா? லட்சாதிபதி ஆகலாம்' என்று ஒரு வீடியோ. கீழே ஒரு நம்பர். நீங்கள் போட்டோ அனுப்பினால் உடனே ஓகே சொல்வார்கள். அப்போதே சந்தேகப்பட வேண்டும். உண்மையான காசு வியாபாரி பத்துக் கேள்வி கேட்பார், பாதி விலைக்குப் பேரம் பேசுவார். இவர்கள் விலையை ஏற்றிக்கொண்டே போவார்கள். பிறகு பதிவுக் கட்டணம், அப்புறம் ஜிஎஸ்டி, அப்புறம் டெலிவரி இன்ஷூரன்ஸ் என்று உங்களிடமிருந்தே கறப்பார்கள். ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட போலிக் கடிதமும் வரும். பழைய காசு, நோட்டு விற்கவோ வாங்கவோ நாங்கள் யாருக்கும் அனுமதி தரவில்லை, கட்டணமும் கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. அதன் பிறகும் ஜனங்கள் ஏமாறுகிறார்கள். அதிலும் வேலை தேடிக்கொண்டிருக்கிற பசங்கள்தான் முதலில் விழுகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள்: வைஷ்ணவி தேவி காசு புழக்கத்துக்காகவே பெரிய எண்ணிக்கையில் அடித்தது. எல்லார் பையிலும் இருக்கிற ஒரு பொருளுக்கு யார் பத்து லட்சம் தருவார்? காசின் சேகரிப்பு விலையை முடிவு செய்வது எத்தனை அடித்தார்கள், எத்தனை மிச்சம் இருக்கின்றன, எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான். சாமி படம் இருக்கிறதா என்பது கணக்கிலேயே வராது. இன்னொன்று, நல்ல பழைய காசு கிடைத்தால் தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பாகும், கூடவே விலையும் மேற்பரப்பும் போய்விடும்.

காவேரிப்பட்டினத்துக்கு என்ன தகுதி?

ஊருக்குக் காசு கேட்கிற அளவுக்குக் கதை இருக்கிறதா? இருக்கிறது. அதுவும் காசோடு சேர்ந்த கதை.

1767 ஆகஸ்ட். கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் மைசூரின் ஹைதர் அலிக்கும் முதல் போர். ஆங்கிலேயர் பதிவுகளில் 'காவேரிபட்டம்' என்று வரும் நம்ம ஊரில் கம்பெனிப் படை ஒரு காவல் நிலையம் வைத்திருந்தது. ஹைதரின் படை வந்து முற்றுகையிட்டது. இரண்டே நாள், உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தார்கள். அந்தப் போரின் ஆரம்ப மோதல்களில் ஒன்று நம்ம தென்பெண்ணைக் கரையில் நடந்தது. அதற்கு அடுத்த மாதம்தான் செங்கம், திருவண்ணாமலைச் சண்டைகள். பள்ளிப் புத்தகத்தில் 'முதலாம் மைசூர்ப் போர், 1767-69' என்று ஒரு வரியில் படித்துவிட்டுத் தாண்டினோமே, அது இதுதான்.

அந்த ஹைதர் அடித்த தங்கக் காசைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். ஒரு பக்கம் சிவனும் பார்வதியும் அமர்ந்திருப்பார்கள். மறுபக்கம் ஹைதர் பெயரின் முதல் எழுத்து, அரபி எழுத்தில். இக்கேரி நாயக்கர்களின் பெத்னூரைப் பிடித்தபோது அங்கே புழங்கிய வராகனின் முகத்தை அவர் மாற்றவில்லை. ஜனங்கள் நம்பி வாங்குகிற முகத்தை ஏன் கெடுக்க வேண்டும் என்ற வியாபாரப் புத்தியாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. மகன் திப்புவின் செப்புக் காசில் யானை நிற்கும். திப்பு நபிகள் பிறந்ததிலிருந்து எண்ணுகிற புதிய ஆண்டுக் கணக்கு ஒன்றையும் கொண்டுவந்தார். அதன் எண்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். தெரியாமல் படித்தால் வருடம் தலைகீழாகிவிடும். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி-தர்மபுரிப் பகுதி, கம்பெனி கைக்குப் போனது. கேப்டன் அலெக்ஸாண்டர் ரீட் வரி வசூலிக்க வந்தார். அவருக்கு உதவியாளராக இங்கே தொழில் பழகியவர்தான் பின்னாளில் மதராஸ் கவர்னரான தாமஸ் மன்றோ. சென்னை அண்ணா சாலையில் சேணமில்லாத குதிரைமேல் உட்கார்ந்திருப்பாரே, அவரேதான்.

இன்னும் பின்னால் போக வேண்டுமென்றால் பக்கத்திலேயே பெண்ணேஸ்வரமடம் இருக்கிறது. ஆற்றங்கரைச் சிவன் கோயில், கல்வெட்டுகள், நடுகற்கள். அதைவிடப் பின்னாலென்றால் மாவட்டத்திலேயே மயிலாடும்பாறை. அங்கே கிடைத்த மாதிரிகளை வைத்து, கி.மு. 2172-லேயே தமிழ்நாட்டில் இரும்புப் பயன்பாடு இருந்தது என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். இன்று ஓசூரில் லேத் ஓட்டுகிறவருக்கு நாலாயிரம் வருட சீனியர் இந்த மாவட்டத்தில் இருந்திருக்கிறார்.

வயலில் ஏர் ஓட்டும்போதோ வீட்டுக்கு வாணம் தோண்டும்போதோ பழைய காசு கிடைத்தால் என்ன செய்வது? 1878-ம் வருடப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைப்பது குற்றம். நூறு வருடம் தாண்டிய காசு 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டத்துக்குள்ளும் வந்துவிடும். தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. இதையெல்லாம் படித்துவிட்டுப் பயந்து உருக்கிவிடாதீர்கள். கிடைத்த இடத்தோடு, மண்ணோடு ஒரு போட்டோ எடுத்து, தாசில்தார் அலுவலகத்திலோ கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலோ சொல்லுங்கள். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடைத்தது என்பதுதான் வரலாற்றுக்கு வேண்டும். அது தெரியாத காசு, அட்டையில்லாத புத்தகம் மாதிரி.

சரி, கேட்டால் கிடைக்குமா?

நேராகச் சொன்னால், ஒரு பேரூராட்சி எழுதிப் போட்டு மத்திய அரசு காசு அடித்துத் தருவது ரொம்பக் கஷ்டம். தஞ்சாவூருக்குப் பின்னால் ஆயிரம் வருடக் கோயிலும் ஒரு மாநில அரசும் இருந்தன. ஆனால் காசுக்குப் பக்கத்து வீட்டிலேயே இன்னொரு வழி இருக்கிறது: தபால் துறையின் சிறப்பு அஞ்சல் உறை. ஒரு நிகழ்வுக்கோ ஊருக்கோ பொருளுக்கோ படம் போட்ட உறை, அந்த நாளுக்கென்றே தனி முத்திரை. புவிசார் குறியீடு பெற்ற பல ஊர்ப் பொருள்களுக்கு இப்படி உறைகள் வந்திருக்கின்றன. ஓர் அமைப்போ கல்லூரியோ பள்ளியோ தமிழ்நாடு அஞ்சல் வட்டத்துக்கு விண்ணப்பித்து, கட்டணம் கட்டிக் கேட்கலாம். காசு மாதிரி பையில் குலுங்காது, ஆனால் உலகம் முழுக்கச் சேகரிப்பவர்கள் ஆல்பத்தில் ஊர்ப் பெயர் ஏறும்.

2017-ல் அந்த முற்றுகைக்கு 250 வருடம் நிறைந்தது. இனி அடுத்த பெரிய எண் 2042, 275 வருடம். இப்போது காலேஜில் இருக்கிற நீங்கள் அப்போது ஊரில் பொறுப்பான இடத்தில் இருப்பீர்கள், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட ஆள் தேட வேண்டியிருக்காது.

உறையோ காசோ, படம் என்ன போடலாம் என்பதில்தான் சண்டை வரும். மாம்பழம் என்பார்கள் சிலர். அது மாவட்டம் முழுக்கச் சொந்தம். மாசியில் நடக்கும் மயானக் கொள்ளையைப் போட்டால் பார்க்கிறவர் மிரண்டுபோவார், ஆனால் மறக்க மாட்டார். நிப்பட்டு வேண்டும் என்று ஒரு கோஷ்டி நிச்சயம் கிளம்பும். வட்டமாக இருப்பதால் டிசைன் செலவும் மிச்சம். என்னைக் கேட்டால் டெர்பென்ட் வழிதான் சரி: தென்பெண்ணை, அதன் கரையில் ஊர், கீழே தமிழில் 'காவேரிப்பட்டினம்'. ஆற்றின் பெயரையும் சேர்த்தே பொறித்துவிட வேண்டும். இல்லையென்றால் அதைப் பார்த்துவிட்டும் 'பூம்புகாரா?' என்று கேட்பார்கள்.